பழப்புளி போட்டுக் கழுவிய சேது காசு

அண்ணை,

நாளை ஞாயிறு. சேர்ச் மேசையில் வைக்கும் பித்தளைச் சிலுவையையும் பூச்சாடிகளையும் மினுக்கிக் கொடுப்பது இந்த மாதம் என்னுடைய முறை. அதனால் காலையிலேயே கிணற்றடியில் பலகையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் பழப்புளியைக் கரைத்து, நார்த் தும்பால் தொட்டு, சிலுவையின் அடியிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். ஈர உலோகத்தில் புளி பட்டால் ஒரு மணம் வருமே, பல்லைக் கூசவைக்கிற மணம், அது மூக்கில் ஏறியதும் கை தானாக நின்றுவிட்டது. இறந்துபோனவர்களைப் பூ மணத்தில் நினைப்பார்கள், சுருட்டு மணத்தில் நினைப்பார்கள். புளித்தண்ணீர் மணத்தில் தன் அண்ணையை நினைத்து மூக்கை உறிஞ்சுகிறவள் இந்த உடுவிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஊர் உங்களைக் கரண்டு மீற்றர் பார்க்கிறவராக அறியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் படலையில் நின்று "மீற்றர்!" என்று குரல் கொடுத்து, நாயைப் பெயர் சொல்லி அதட்டி, விறாந்தைச் சுவரில் இருக்கும் பெட்டியை அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிற ஆள். எழுதி முடித்ததும் நீங்கள் கேட்கிற கேள்வியையும் ஊர் அறியும். "வீட்டிலை பழைய காசு ஏதும் கிடக்குதோ?" சிலர் சிரிப்பார்கள். சிலர் மேசை லாச்சியின் அடியில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துச் சதத்தைத் தேடி எடுத்து வந்து தருவார்கள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள் என்று அம்மா சொல்லுவா. அது பகிடியோ உண்மையோ, நீங்கள் கடைசிவரை தனிக்கட்டை. என்னவர் கண்ணை மூடியபிறகு நானும் உங்களோடு வந்து சேர்ந்தேன். வீட்டில் நீங்கள், நான், உங்கள் காசுகள்.

அந்தக் காசுகளுக்கு நீங்கள் வைத்திருந்த சட்டம் பத்துக் கட்டளைகளைவிடக் கடுமையானது. கழுவக் கூடாது. துடைக்கக் கூடாது. ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். ஈரம் காயாத காசு ஆல்பத்துக்குள் போகவே கூடாது. "செம்பிலை இருக்கிற களிம்பு அதின்ரை தோல், பிள்ளை. தோலை உரிச்சால் நோகாதோ?" என்பீர்கள். ஒருமுறை ஒல்லாந்தர் காசு ஒன்று தூசாகக் கிடக்கிறதே என்று என் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதற்காக என்னோடு கதைக்காமல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். நானும் விடவில்லை, நீங்கள் கதைக்கும்வரை பாகற்காயாகவே சமைத்தேன்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். சண்டைக்குள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு ஓட, நீங்கள் அதுவரை சேர்த்த காசுகளைப் பால்மா ரின்னில் போட்டு, மெழுகால் அடைத்து, முருங்கையடியில் புதைத்தீர்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாயை விரித்துக் கிடந்த நாட்களில், "முருங்கை நிக்குமோ பிள்ளை?" என்பதுதான் உங்கள் கேள்வி. திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை, ரின்னும் இல்லை. முற்றம் முழுவதும் கிண்டிக் கிடந்தது. நீங்கள் அந்தக் குழிக்குப் பக்கத்தில் குந்தி, மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தீர்கள். பிறகு எழும்பி, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, முதலிலை இருந்து" என்றீர்கள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

அப்படித் தொடங்கிய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நடு உறையை மட்டும் வெறுமையாக விட்டிருந்தீர்கள். அதன் கீழே உங்கள் குண்டு எழுத்தில் 'சேது' என்று ஒரு துண்டு. யாழ்ப்பாணத்து அரசர்கள் அடித்த செப்புக் காசு அது என்று எத்தனையோ தரம் எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் ஆள் உருவம். மறு பக்கத்தில் படுத்திருக்கிற நந்தி. நந்தியின் கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்து. "ஒல்லாந்தன்ரை கிடக்கு, வெள்ளைக்காரன்ரை கிடக்கு, சோழன்ரையும் கிடக்கு. எங்கடை ராசா எங்கடை எழுத்திலை அடிச்சது மட்டும் இல்லையெண்டால் உது என்ன ஆல்பம்?" என்று பக்கத்தை மூடுவீர்கள். கொழும்பில் விற்கிறவர்களிடம் இருந்தது ஒன்றில் போலி, ஒன்றில் எட்டாத விலை. உங்களுக்கு வேண்டியது அந்த எழுத்து. அதற்காக எத்தனை படலைகளைத் தட்டினீர்கள்!

கடைசியில் அது புத்தூரில் இருந்தது, பாக்கியக்கா வீட்டில். தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற வீடு. புருசன் இல்லை, பிள்ளைகள் கனடாவில், அவ தனியாகத்தான். நீங்கள் மீற்றரைப் பார்த்துவிட்டுத் திரும்ப, "தம்பி, கரண்டுக்காரர்தானே, சாமியறை லைற் எரியுதில்லை, ஒருக்கால் பாருங்கோவன்" என்றாவாம். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் தயங்கி நின்றீர்களாம்.

"அக்கா, நான் வேதக்காரன். உள்ளை வரலாமோ?"

"கரண்டுக்கு ஏது தம்பி சமயம்? வாங்கோ."

பல்பைத் திருகியதும் வெளிச்சம் வந்தது. குத்துவிளக்குக்கு முன்னால் சின்னப் பித்தளைத் தட்டில், சந்தனப் பொட்டோடு ஒரு செப்புக் காசு. நீங்கள் குனிந்தீர்கள். நந்தி. நந்தியின் கீழே, சந்தனத்துக்குள், எழுத்து. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியை நீங்கள் அங்கே கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பாக்கியக்காதான் கதை சொன்னாவாம். "எங்கடை அவர் கிணத்தை ஆழமாக்கேக்கை அலவாங்கிலை தட்டுப்பட்டவர் உவர். தானாய் வந்த நந்தி, தம்பி. அந்தப் போகம் வெங்காயம் விளைஞ்ச விளைச்சலைப் பாத்திருக்க வேணும்!" காசு என்ற சொல்லே அவவின் வாயில் வரவில்லை.

அன்று பின்னேரம் நீங்கள் படலையைத் திறந்தவுடனேயே "கண்டிட்டன் பிள்ளை!" என்று கத்தினீர்கள். ஆரையோ பெண்ணைத்தான் கண்டுவிட்டீர்கள் என்று ஒரு கணம் சந்தோசப்பட்டேன். புட்டைச் சாப்பிடாமல், அதிலேயே விரலால் கோடு கீறி நந்தியின் முதுகைக் காட்டினீர்கள். அடுத்த மாதம் தயங்கித் தயங்கி, விற்பீர்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவ கோபிக்கவில்லை. "சாமியை விக்கிறதோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாவாம். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உங்களில் பாவமாக இருந்தது.

விற்காததைக்கூட நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். தாங்க முடியாதது வேறொன்று. பாக்கியக்கா வெள்ளிக்கு வெள்ளி குத்துவிளக்கோடு நந்தியையும் எடுத்து வைத்து, புளியும் சாம்பலும் போட்டு, தும்பால் தேய்த்துக் கழுவுவா. நீங்கள் எவ்வளவு பக்குவமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். "புளி செம்பைத் தின்னும் அக்கா. வெறும் தண்ணியே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்." அவ சிரித்தாவாம். "புளி போடாட்டில் களிம்பு பிடிக்கும் தம்பி. சாமியைக் களிம்போடை வைச்சிருக்கலாமோ? உங்கடை சேர்ச்சிலை சிலுவையைக் களிம்போடையோ வைச்சிருக்கிறியள்?" அந்தச் சிலுவையைப் புளி போட்டு மினுக்குகிறவள் உங்கள் தங்கைதானே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புத்தூரிலிருந்து, ஆசுப்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரித்தான் வந்தீர்கள். "நந்தியின்ரை காது மழுங்கிப் போச்சு பிள்ளை." இன்னொரு மாதம், "'சே'யின்ரை கொம்பைக் காணேல்லை." எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். "போனிலை ஒரு படமாவது எடுத்து வையுங்கோவன்" என்று சினந்தேன்.

"கலியாணப் படத்தோடை குடும்பம் நடத்தலாமோ?"

"நீங்கள் அதுகூட எடுக்கேல்லையே!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சாரத்தில் கொட்டுப்பட்டது. பென்சன் எடுத்தபிறகும் அந்த வீட்டுக்குப் போவதை நீங்கள் விடவில்லை. பல்பு மாற்ற, பியூஸ் போட, கிணற்று மோட்டரைப் பார்க்க என்று ஏதோ ஒரு சாட்டு. சாமியறையில் தனியாக நிற்கும்போது காசை மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஆர் கண்டது என்று ஒருநாள் உங்களைச் சீண்டினேன். "நந்தி கண்டிருப்பார்" என்றீர்கள். சிரிக்காமல்தான் சொன்னீர்கள். மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்த மனுசன் இப்படிக் கதைக்கிறாரே, போதகர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான்தான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் பாக்கியக்கா ஆட்டோ பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தா. அன்றுதான் நான் அவவை முதன்முதல் கண்டேன். மெலிந்த, உயர்ந்த மனுசி, நெற்றி நிறையத் திருநீறு. மகள் விசா எடுத்து அனுப்பிவிட்டாள், மறுநாள் கொழும்புக்குப் புறப்படுகிறேன் என்றா. மடியிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் உங்களிடம் நீட்டினா. நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டேன்.

"தம்பி, கனடாக் குளிருக்கு உவரைக் கொண்டுபோக மனம் வரேல்லை. பூட்டின வீட்டிலை தனிய விடவும் ஏலாது. நீங்கள் உவரைப் பாக்கிற பார்வையை நான் கண்டனான். பெத்த பிள்ளையள்கூட அப்பிடிப் பாக்கேல்லை. நீங்கள்தான் வைச்சிருக்க வேணும்."

நீங்கள் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினீர்கள். எத்தனை வருடத்து ஆசை! வெற்றிலையைப் பிரித்தீர்கள். உள்ளே புதுச் செப்புக் குடம் போல ஒன்று பளபளத்தது.

"உங்களிட்டைத் தாறதெண்டு விடியவே எழும்பி மினுக்கினனான்" என்று பாக்கியக்கா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னா. "புளி காணாதெண்டு கடையிலை விக்கிற மினுக்கெண்ணெயும் வாங்கி, சீலைத் துணியாலை தேய் தேயெண்டு தேய்ச்சு... என்ரை கை இன்னும் உளையுது. பாருங்கோ, இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு!"

முந்தின மாதம் நீங்கள் பார்த்தபோதுகூட 'து' தெரிந்ததென்று சொன்னீர்கள். இப்போது எழுத்து இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. ஆள் உருவம் இருந்த பக்கம் வெறும் தகடு. நந்தி மட்டும், அதுவும் ஒரு சின்ன மேடாக. உங்களுக்குத் தர வேண்டும் என்ற அன்பிலேயே உங்களுக்கு வேண்டியதை அந்த மனுசி தேய்த்து எடுத்துவிட்டா. நீங்கள் ஏதாவது சொல்லிவிடுவீர்கள், அவவின் சிரிப்பு அப்படியே விழுந்துவிடும் என்று பயந்தேன். நீங்கள் காசை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தீர்கள்.

"எவ்வளவு வடிவாய் இருக்கிறார், அக்கா" என்றீர்கள்.

காசைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் 'இருக்கிறார்' என்று மரியாதையாகச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. பாக்கியக்காவின் கண் கலங்கியது. "பூசையொண்டும் வேண்டாம் தம்பி, உங்கடை சமயம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கு வெள்ளி எப்பன் புளி போட்டுக் கழுவிவிடுங்கோ, அது காணும்" என்றா. "ஓம் அக்கா" என்றீர்கள்.

ஆட்டோ திரும்பி ஓடியதுதான் தாமதம், நான் வெடித்தேன். "அவவுக்குச் சொல்லியிருக்கலாமே! எத்தினை வருசம் ஆசைப்பட்டியள், எத்தினை தரம் ஓடினியள்! கடைசியிலை உந்தத் தகட்டுக்கோ?"

நீங்கள் கதிரையில் இருந்து, உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அவ தன்ரை சாமியையே தூக்கித் தந்திட்டுப் போறா, பிள்ளை. அதிலை எழுத்தைக் காணேல்லை எண்டு நான் கேக்கிறதோ?" என்றீர்கள். எழும்பிப் போய் முகம் கழுவினீர்கள். அன்று இரண்டு பேருக்கும் நல்ல ஒடியல் கூழ் காய்ச்சினேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தக் காசு ஆல்பத்துக்குள் போகவில்லை. நடு உறை வெறுமையாகவே இருந்தது. காசு உங்கள் மேசையில், ஒரு சின்னப் பீரிஸ் தட்டில் இருந்தது. பாக்கியக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "நந்தி சுகமோ தம்பி? கழுவுறனீங்களோ?" நீங்கள், "ஓம் அக்கா, வெள்ளிக்கு வெள்ளி" என்பீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குச் சிரிப்பு முட்டும். சேர்ச்சில் பின் வரிசை வாங்கில் குந்தியிருந்து பிரசங்கத்துக்குத் தலையாட்டுகிற மனுசன், கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு கிழவியின் மனம் நோகாமல் எவ்வளவு வடிவாகப் பொய் சொல்லுகிறார் என்று நினைத்தேன். காசைத் துடைத்ததற்கே என்னோடு கோபித்தவர் புளி போட்டுக் கழுவுவாரோ? அந்த நாட்களில் என் புளிச் சாடி கெதியாகக் குறைகிறதே என்று மட்டும் யோசித்தேன். களவாய்ப் புளி தின்கிறீர்கள் என்று நினைத்து, "வயித்தெரிவுக்காரன் புளி தின்னலாமோ?" என்று ஏசியும் இருக்கிறேன். நீங்கள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனீர்கள்.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். மழையோடு மழையாக உங்களை அடக்கம் செய்தோம். கொஞ்ச நாளில், காசு சேர்க்கிற ஒருவர் ஆல்பத்தைப் பார்க்க வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து, "'சேது' எண்டு போட்டிருக்கு, ஆனால் காசைக் காணேல்லையே?" என்றார். பீரிசைக் காட்டினேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "உது தேஞ்சு போன செம்பு, அக்கா. பெறுமதியில்லை" என்று திருப்பி வைத்தார். ஓரத்தில்கூடப் பிடிக்கவில்லை. அவருக்கு நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. ஆல்பமும் விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு பாக்கியக்காவின் போன் வந்தது. நீங்கள் இல்லை என்று நான்தான் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவ வாய்விட்டு அழுதா. அழுது ஓய்ந்து, மெதுவாகக் கேட்டா. "நந்தி சுகமோ பிள்ளை? தம்பி கழுவுறவரோ?" நான் உங்கள் பொய்யைக் காப்பாற்றத்தான், "ஓம் அக்கா, கழுவுறவர்" என்றேன். போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். உங்கள் சவர்க்காரம் வைக்கிற மாடத்தைத் துப்புரவாக்க அதுவரை எனக்கு மனம் வந்திருக்கவில்லை. அன்று கையை விட்டேன். சவர்க்காரத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒரு சிரட்டை. அதற்குள் காய்ந்து கறுத்த பழப்புளி. பக்கத்தில் கிழிந்த பனியன் துண்டு, செம்பு பட்டுப் பட்டுப் பச்சையாகிப்போனது.

அண்ணை, நீங்கள் பொய் சொல்லவில்லை. ஒரு காசையும் வாழ்நாளில் கழுவாத நீங்கள், கழுவுகிறவர்களை அடியோடு வெறுத்த நீங்கள், நான் குசினியில் நிற்கிற நேரம் பார்த்து, உங்களுக்கென்று கிடைத்த அந்த ஒரே சேது காசை நீங்களே புளி போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மாடத்தடியில் இருந்து அழுதேன். அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இப்போது நான் கழுவுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஒத்துவராது, அன்று மாதர் சங்கம். சனிக்கிழமையில்தான் முடியும் என்று பாக்கியக்காவுக்கு ஒளிக்காமல் சொன்னேன். "அதுக்கென்ன பிள்ளை, உவர் கோவிக்கமாட்டார்" என்றா. இன்று சிலுவைக்கும் நந்திக்கும் ஒரே சிரட்டைப் புளிதான். போதகர் கேட்டால், என்ரை அண்ணை குடுத்த வாக்கு என்று சொல்லுவேன்.

நந்தியின் மேட்டுக்குக் கீழே, எழுத்து இருந்த இடத்துக்கு வரும்போது மட்டும் என் பெருவிரல் தானாக மெதுவாகிறது. அங்கே தேய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அழுத்த மனம் வரவில்லை. கழுவி முடிந்ததும் பீரிசில் வெயில் பட வைக்கிறேன். உங்கள் ஆல்பத்தை எடுத்து வந்து பக்கத்தில் திறந்து வைத்து, உங்கள் எழுத்தில் இருக்கிற 'சேது'வைப் பார்க்கிறேன். அந்தக் காசில் இல்லாமல் போன எழுத்து இப்போது உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஒருநாளைக்கு இதை அந்த நடு உறையில் வைத்துவிடலாம் என்றும் ஆசை வருகிறது. ஆனால் ஈரம் காயாத காசு ஆல்பத்துக்குள் போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். இது நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதற்குள் அடுத்த சனி வந்துவிடுகிறது.